எலுமிச்சைப்புல் எண்ணெயை நானோ ஆக்கினால் புற்றுநோய் மருந்தாகிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ பாதி முடிந்திருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் 'நானோ எலுமிச்சைப்புல் எண்ணெய்' என்று ஒரு சொட்டு மருந்துக் குப்பியை வாங்கிக் கொடுத்து, கூடவே ஓர் ஆய்வுக் கட்டுரையையும் அனுப்பியிருக்கிறார். நானோ வடிவில் போட்ட எண்ணெய் மார்பகப் புற்றுநோய் செல்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டதாக அதில் இருக்கிறது. கட்டுரை பொய்யா, பொய் இல்லை என்றால் ஏன் எந்த மருத்துவமனையும் இதைக் கொடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, 'கொடுக்காமல் விட்டுவிட்டு பின்னால் வருத்தப்படுவேனோ' என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பார்மசி படித்தவன், தண்ணீரில் கரையாத பொருளை உடம்புக்குள் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. எலுமிச்சைப்புல், கிராம்பு, ஓமம் என்று பல எண்ணெய்களில் நானோ எமல்ஷன் (எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்தது) செய்திருக்கிறேன், மாணவர்களைச் செய்ய வைத்தும் இருக்கிறேன். அதனால் அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கக்கூடும், அந்த மாதிரிக் கட்டுரைகள் எதை அளக்கின்றன என்பதைத் தைரியமாகச் சொல்வேன். அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சிகிச்சையைப் பற்றிப் பேசமாட்டேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: கட்டுரை அனேகமாக உண்மை, குப்பியைக் கொடுக்காதீர்கள். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்பதுதான் மீதிக் கதை.

நறுமண எண்ணெய் என்பது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற எண்ணெய் கிடையாது. இலையையோ பூவையோ தோலையோ நீராவியில் வடித்து எடுப்பது, கையில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால் என்று ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பொருள்கள் தூக்கலாக இருக்கும், கூடவே சின்ன அளவில் இன்னும் பல. இவற்றை மருந்தாக்குவதில் மூன்று தொல்லைகள். தண்ணீரில் கரையாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும் (லிமோனீன் அப்படிக் கெடும்போது உருவாகும் பொருள்கள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும்). மூன்றாவது, ஒரே செடியின் எண்ணெய்கூட மண், பருவம், அறுவடை நேரம் மாறினால் மாறிவிடும். முதல் இரண்டு தொல்லைகளுக்கு மருந்தாக வந்ததுதான் நானோ. மூன்றாவதுக்கு நானோவால் ஒன்றும் செய்ய முடியாது.

நானோ என்றதும் ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ட்வீன் 80 மாதிரி ஒரு பொருளைக் கலந்து, பீக்கரைப் பனிக்கட்டிக்குள் வைத்து, ஒலி அலை பாய்ச்சும் கம்பி ஒன்றை உள்ளே இறக்கி ஓட்டுவோம். ஆரம்பத்தில் பால் மாதிரி வெள்ளையாக இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசான நீலம் தட்டும். துளிகள் 100, 200 நானோமீட்டருக்கு (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) கீழே போய்விட்டன என்பதற்கு அது ஓர் அடையாளம், அப்புறம் கருவியில் அளந்து உறுதி செய்வோம். அறை முழுக்க எலுமிச்சைப்புல் வாசனை தூக்கும், புதிதாக வரும் மாணவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் அந்த வாசனை பீக்கரிலிருந்து தப்பித்துப்போன எண்ணெய். பனிக்கட்டி வைக்காமல் சூடேற விட்டால் கடைசியில் பீக்கரில் எவ்வளவு மிஞ்சியது என்று தனியாக அளந்தால்தான் தெரியும், போட்ட அளவை வைத்துக் கணக்குப் போடவே முடியாது.

இன்னொன்று, செய்த அன்று இருக்கும் அளவு அப்படியே இருக்காது. நறுமண எண்ணெய் தண்ணீரில் சுத்தமாகக் கரையாத பொருள் இல்லை, துளியூண்டு கரையும். அதனால் சின்னத் துளிகள் மெல்லக் கரைந்து பெரிய துளிகளில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். சோள எண்ணெய் மாதிரி கனமான எண்ணெய் ஒன்றைச் சேர்த்து இதைத் தள்ளிப்போடலாம். ஆக, கடையில் மாதக்கணக்கில் நின்ற குப்பியில் 'நானோ' என்று எழுதியிருந்தால், எந்த பேட்ச், எந்தத் தேதியில் அளந்தார்கள், துளி அளவு எவ்வளவு, எண்ணெய் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் வராது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் கேளுங்கள்.

சரி, கட்டுரைக்கு வருவோம். இந்த வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் செய்வது ஒரே சோதனை. 96 குழிகள் உள்ள, உள்ளங்கை அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் புற்றுநோய் செல்களை வளர்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய் என்றால் அனேகமாக எம்சிஎஃப்-7 என்ற செல் வகை, 1970களிலிருந்து உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருப்பது. குழிகளில் வெவ்வேறு அளவில் எமல்ஷனை விட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து எம்டிடி என்ற மஞ்சள் பொருளைச் சேர்ப்பார்கள். உயிரோடு இயங்கும் செல்கள் அதை ஊதா நிறமாக்கும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. செல்களின் இயக்கத்தைப் பாதியாகக் குறைக்கும் அளவுக்கு ஐசி50 என்று பெயர். கட்டுரையின் சுருக்கத்தில் அந்த எண்தான் பளிச்சென்று நிற்கும்.

இந்தச் சோதனையில் நறுமண எண்ணெய்கள் செய்யும் சேட்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. இவை ஆவியாகிறவை, தட்டின் மூடிக்கும் குழிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, எனவே அதிக அளவு விட்ட குழியிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்துக் குழிக்குப் போகும். எதுவுமே போடாத குழியில் செல்கள் வாடிக் கிடப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய விஷயம், ட்வீன் 80 போன்றவை செல் சவ்வையே தொந்தரவு செய்பவை. ஆகவே எண்ணெய் இல்லாமல் ட்வீனும் தண்ணீரும் மட்டும் சேர்த்த வெறும் கலவையை, அதே அளவில், பக்கத்திலேயே சோதித்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய மாதிரிக் கட்டுரையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது அந்த வெறும் கலவையின் சோதனை முடிவைத்தான். அது இல்லை என்றால், செல்களைக் கொன்றது எலுமிச்சைப்புல்லா சோப்பு வகைப் பொருளா என்று சொல்ல வழியில்லை. அடுத்து, சாதாரண செல்களிலும் இதே சோதனையைச் செய்தார்களா, அவையும் அதே அளவில் செத்தனவா என்று பார்ப்பேன். புற்றுநோய் செல்லைக் கொல்வது கஷ்டமான காரியமே இல்லை, பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்வதுதான் கஷ்டம்.

இப்படிக் கட்டுரைகள் ஏன் இவ்வளவு வருகின்றன என்று கேட்டால், எண்ணெய் மலிவு, கருவி கையில் இருக்கிறது, செல் கிடைக்கிறது, ஒரு மாணவரின் ப்ராஜெக்ட் காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. நம் நாட்டிலும் ஈரானிலும் எகிப்திலும் பிரேசிலிலும் இது ஒரு வழக்கமான பயிற்சி மாதிரி ஆகிவிட்டது. பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் படியில் காலை வைத்ததை எழுதுகிறார்கள், படிக்கிறவர் மாடிக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

எலுமிச்சைப்புல்லுக்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல், சிட்ரால் சில ரத்தப் புற்றுநோய் செல் வகைகளைத் தம்மைத்தாமே அழித்துக்கொள்ள வைக்கிறது என்று காட்டினார்கள். வேலை செய்த அடர்த்தி 44.5 மைக்ரோமோலார், ஒரு கிராம் எலுமிச்சைப்புல் போட்ட ஒரு கப் டீயில் இருக்கும் அடர்த்தியும் ஏறக்குறைய அதுதான் என்று கூடவே எழுதினார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 'இந்த டீ குடித்தால் புற்றுநோய் போகும்' என்று கிளம்பிய செய்தி வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 44.5 மைக்ரோமோலார் என்றால் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 200 மில்லி கப்பில் 1.4 மில்லிகிராம்கூட வராது. குடித்தது முழுவதும் உடம்பில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவின் உடம்பில் சுமார் 30 லிட்டர் தண்ணீர் இருக்கும், அதில் பரவினால் அடர்த்தி 150 மடங்கு குறைந்துவிடும். அதுவும் கல்லீரல் சும்மா இருந்தால். சிட்ராலை அது வேகமாக வேறு அமிலங்களாக மாற்றி சிறுநீரில் தள்ளிவிடும். கப்பில் இருக்கும் அடர்த்தி கட்டியில் இருக்காது, அவ்வளவுதான்.

'அதற்காகத்தானே நானோ?' என்று உறவுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்ல ஒரு நிஜ மருந்தை எடுத்துக்கொள்கிறேன். பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. 1962-இல் பட்டையைச் சேகரித்தார்கள், 1971-இல் அதன் வேதி அமைப்பு வெளிவந்தது, 1992-இல்தான் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதுவும் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்து ஏற்றினார்கள், அந்தக் கரைப்பானால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது. 2005-இல் அதே மருந்தை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கி, மார்பகப் புற்றுநோய்க்கே அப்ராக்ஸேன் என்ற பெயரில் அனுமதித்தார்கள். செடியிலிருந்து வந்த பொருள், நானோ வடிவம், மார்பகப் புற்றுநோய், மூன்றும் ஏற்கெனவே மருத்துவமனையில் இருக்கிறது. செடி என்பதற்காக யாரும் ஒதுக்கவில்லை. நம்மூர் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் 1963 முதல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டுவருகிறது.

வித்தியாசம் எங்கே என்றால், பேக்லிடாக்சல் சில நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலேயே செல்லை நிறுத்திவிடும். சிட்ராலும் லிமோனீனும் தைமாலும் வேலை செய்ய அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு அளவு தேவை. நானோ வடிவம் கரையாததைக் கரைந்தது மாதிரி ஆக்கும், கொஞ்சம் பாதுகாக்கும், ஓரளவு உறிஞ்சுதலைக் கூட்டும். வீரியத்தை ஆயிரம் மடங்கு கூட்டாது. சரக்கு லேசாக இருந்தால் லாரியை மாற்றிப் பிரயோஜனமில்லை. தவிர, நானோ துகள்கள் கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வதிலும் நிறைய மிகை. கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் துகள்கள் அங்கே தேங்கும் என்று 1986-இல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள், அது உண்மை. ஆனால் பத்து வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளிவந்த ஓர் அலசல், ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம் என்று கணக்கிட்டது. அது ரத்தத்தில் நேராக ஏற்றியதற்கு, அதுவும் விலங்குகளில். வாய்வழியாகக் குடித்த எமல்ஷன் துளி குடலிலேயே பெரும்பாலும் உடைந்துவிடும், அந்தத் துளி முழுசாக மார்பகம் வரை பயணம் போகும் என்று எதிர்பார்க்க ஆதாரம் இல்லை.

மனிதர்களுக்குக் கொடுத்தே பார்த்ததில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள், நானோ இல்லாமல். லிமோனீன்தான் இதில் அதிகம் சோதிக்கப்பட்டது. 1998-இல் வெளியான ஆங்கிலேய ஆய்வொன்றில் முற்றிய புற்றுநோய் உள்ள 32 பேருக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் உள்ள ஒருவருக்குக் கட்டி சுருங்கி 11 மாதம் அப்படியே இருந்தது. அதே அளவில் மேலும் 10 மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஒருவருக்கும் சுருங்கவில்லை. 2013-இல் அரிசோனாவில் அறுவை சிகிச்சைக்கு முன் 43 பெண்களுக்குத் தினமும் 2 கிராம் வீதம் 2 முதல் 6 வாரம் கொடுத்ததில், லிமோனீன் மார்பகத் திசுவில் நன்றாகவே சேர்ந்தது, செல் பெருக்கத்தோடு தொடர்புள்ள சைக்ளின் டி1 என்ற புரதம் 22 சதவீதம் குறைந்தது, ஆனால் செல்கள் பெருகும் வேகத்தையும் சாவையும் காட்டும் மற்ற அளவீடுகளில் பெரிய மாற்றமில்லை. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும், ஏனென்றால் நேர்மையாக அரைகுறை விடையைச் சொல்கிறது. லிமோனீனின் உறவான பெரில்லைல் ஆல்கஹாலை வாய்வழியாகக் கொடுத்த பல சோதனைகள் குமட்டலிலும் ஏமாற்றத்திலும் முடிந்தன. இப்போது அதை மூக்கு வழியாக உறிஞ்சவைத்து மூளைக் கட்டிகளுக்கு முயற்சி செய்கிறார்கள், பிரேசிலில் தொடங்கியது அது. அதில் ஏதாவது தேறலாம், தேறாமலும் போகலாம்.

அந்த 1998 ஆய்வின் அளவைக் கவனியுங்கள்: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 8 கிராம். அம்மாவின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால் நாளுக்கு 13 கிராம், அதாவது சுமார் 15 மில்லி சுத்தமான லிமோனீன், சொட்டுக் குப்பி ஒன்று முழுசாக. (ஆய்வில் மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து கொடுத்தது அது, வீட்டில் யாரும் செய்து பார்க்கும் காரியம் இல்லை.) உங்கள் குப்பியில் 5 சதவீதம் எண்ணெய் இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 சொட்டில் வருவது 25 மில்லிகிராம். லிமோனீனையும் சிட்ராலையும் நேராக ஒப்பிட முடியாது, ஆனால் எந்தத் தூரத்தில் நிற்கிறோம் என்பது தெரியும்.

'அவ்வளவு குறைவு என்றால் கெடுதலும் இருக்காதே, கொடுத்தால் என்ன?' இதற்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. கீமோவின்போது வாயும் குடலும் புண்ணாகியிருக்கும், இந்த எண்ணெய்கள் புண்ணில் எரிச்சலூட்டும், ட்வீன் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக. சில நறுமண எண்ணெய்ப் பொருள்கள் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளைத் தடுக்கின்றன என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். பேக்லிடாக்சல் போன்றவை அந்த நொதிகளால்தான் உடைகின்றன. 10 சொட்டால் மனித உடம்பில் அது எவ்வளவு மாறும் என்பது இன்னும் சந்தேகத்தில் இருக்கும் பகுதி, பெரிதாக ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். ஆனால் கீமோவில் வேலை செய்யும் அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு, அங்கே போய்ச் சூதாட வேண்டியதில்லை. இயற்கையானது என்பதால் லேசானது என்றும் நினைக்க வேண்டாம். ஊட்டியில் மூட்டுவலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலத்தை 5 மில்லி குடித்தால் 7 கிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டதற்குச் சமம், குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். குப்பியில் உள்ள உணவு உரிம எண்ணைக் காட்டி 'அரசே அனுமதித்தது' என்பார்கள். அது உணவுப்பொருள் விற்க உரிமம், நோயைத் தீர்க்கும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று கிடையாது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எனக்கு உண்மையான பயம் சொட்டைப் பற்றியதே இல்லை. கீமோவால் முடி கொட்டி, வாந்தி எடுத்து, சாப்பிட முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு, 'பக்கவிளைவில்லாத வேறு வழி இருக்கிறது' என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடத் தோன்றும். அமெரிக்காவில் 2018-இல் வந்த ஓர் ஆய்வில், குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் மொத்தத்தில் 2.5 மடங்கு, மார்பகப் புற்றுநோயில் 5 மடங்குக்கும் மேல் இருந்தது. அது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, குறைகள் உண்டு, ஆனால் இந்தத் திசையைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. கொடுக்காமல் விட்டதற்காக வருத்தப்படும் நிலை உங்களுக்கு வராது என்று நான் சொல்வது இதையெல்லாம் வைத்துத்தான்.

உறவுக்காரரோடு சண்டை போட வேண்டாம். அடுத்த முறை போகும்போது குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஏற்கெனவே சில நாள் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் தேதியோடு சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று பார்க்காதீர்கள். அம்மாவுக்கு அந்த வாசனை பிடித்திருந்தால் ஒரு பஞ்சில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்துகொள்வதில் பெரும்பாலும் தப்பில்லை. குமட்டலுக்கும் மனப் பதற்றத்துக்கும் நறுமணம் கொஞ்சம் உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆதாரம் பலமில்லை. கீமோவின்போது சிலருக்கு எந்த வாசனையுமே பிடிக்காமல் போய்விடும், அப்படியென்றால் அதையும் விட்டுவிடுங்கள். குமட்டல்தான் பெரிய தொந்தரவு என்றால் அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, கொடுத்தது போதவில்லை என்று சொன்னால் மாற்றித் தருவார்கள், பலர் சொல்லாமலே தாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.